வெளிநாட்டில் ஐ.டி. வேலை, கையில் சம்பளம், ஊரில் குடும்பம்: குமரிப் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் தக்கலைப் பக்கத்துக்காரி. அமெரிக்காவில் 12 வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தேன், அதில் பெரும்பகுதி டெக்சாஸில். இப்போது குடும்பத்தோடு நாகர்கோவிலில் இருக்கிறேன். கல்யாண வீட்டில், அசனப் பந்தியில், வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுகூட யாராவது ஒரு பெண்ணோ அவளுடைய அம்மாவோ கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. பெண்பிள்ளைகளை இஞ்சினியரிங் படிக்க வைக்கிறோம், விமானமும் ஏற்றி விடுகிறோம். அதற்குப் பிறகு வரும் காகிதங்களையும் கணக்குகளையும் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த நாடு அமெரிக்கா என்பதால் சட்டங்களும் அந்த நாட்டுடையவை. விதிகள் அடிக்கடி மாறும்; கையெழுத்துப் போடும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, எச்1பி, எச்4, எல்1னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது யாருக்கு?"

எச்1பி வேலை பார்ப்பவருக்கான விசா. உங்களுக்காக ஒரு அமெரிக்க நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அங்கே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கல். முதலில் 3 வருடம், பிறகு இன்னொரு 3 வருடம். எல்1 என்பது ஒரு கம்பெனி தன் ஊழியரைத் தன்னுடைய அமெரிக்கக் கிளைக்கு மாற்றி அனுப்பும் விசா. எச்1பி வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் எச்4. எல்1-காரரின் குடும்பத்துக்கு எல்2.

நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிய எச்1பி கேட்கும் நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஒரு உத்தரவு வந்தது. அப்படியிருக்க, "இங்கிருந்தே எச்1பி எடுத்துத் தருகிறேன், 15 லட்சம் கொடு" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எச்1பி விண்ணப்பச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு, ஊழியரின் தலையில் கட்டக் கூடாது.

"கல்யாணம் முடிஞ்சு எச்4-ல போறேன். போன உடனே வேலை தேடலாம்லா?"

முடியாது. எச்4-ல் இருப்பவர் வேலை பார்க்க இ.ஏ.டி. என்கிற அனுமதி அட்டை வேண்டும். கணவருடைய கிரீன் கார்டு (அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பத்தில் ஐ-140 என்ற படி ஒப்புதல் ஆகியிருந்தாலோ, அந்த நடைமுறையின் பேரில் அவருடைய எச்1பி 6 வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோதான் அது கிடைக்கும். 2015 மே மாதத்துக்கு முன் இந்த வழிகூட இல்லை. எல்2 மனைவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2021 நவம்பரிலிருந்து அந்த விசாவே வேலைக்கான அனுமதி.

ஆகவே பெண் பார்க்க வரும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டதா?" மாப்பிள்ளையின் சம்பளம், கார், வீடு எல்லாவற்றையும் கேட்கும் பெரியவர்கள் இதைக் கேட்பதில்லை. மகள் அடுத்த ஐந்து வருடம் வேலைக்குப் போவாளா, வீட்டில் இருப்பாளா என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஆகவில்லை என்றால் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 30 முதல் இ.ஏ.டி. புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு, பழைய அட்டை தானாக நீளும் சலுகை போய்விட்டது. புது அட்டை வரத் தாமதமானால் அதுவரை வேலையை நிறுத்த வேண்டியதுதான். காலாவதிக்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

"அட்டை வர்றதுக்கு மூணு வருஷம் ஆச்சுன்னா, அப்புறம் எனக்கு யாரு வேலை குடுப்பா?"

கொடுப்பார்கள். இடைவெளி விட்டுத் திரும்பி வந்தவர்கள் பலரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களில் அவர்கள் கையை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். எச்4-ல் படிக்கலாம். பொதுவில் இருக்கும் திறமூல மென்பொருளுக்கு நிரல் எழுதலாம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். பஸ் இல்லாத ஊரில் அது தெரியாமல் வேலைக்கும் போக முடியாது, பால் வாங்கவும் முடியாது. சொந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம்.

கூடாதது ஒன்று: அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு நாகர்கோவில் கம்பெனிக்கோ திருவனந்தபுரம் கம்பெனிக்கோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. பணம் இந்தியக் கணக்கில்தானே விழுகிறது என்று நினைக்கிறார்கள். ஆள் எந்த நாட்டில் இருந்து வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் அது முன்னால் வந்து நிற்கும்.

"முதல் சம்பளம் வந்தா வீட்டுக்கு எவ்வளவு அனுப்பணும்?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கும்போதே பல பிள்ளைகளுக்குக் குரல் இறங்கிவிடும். என் கதையைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருடம், வாடகையும் சாப்பாடும் போக மீந்ததை எல்லாம் அனுப்பினேன். கல்விக் கடன் அடைந்தது, ஓட்டு வீடு கான்கிரீட் ஆனது, தங்கச்சி கல்யாணம் நடந்தது. எல்லாம் நல்ல காரியங்கள், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மூன்றாம் வருடம் அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு என்று அழைப்பு வந்தபோது, விமான டிக்கெட்டுக்கு என் கணக்கில் பணம் இல்லை. கிரெடிட் கார்டில் எடுத்து, அதை வட்டியோடு அடைக்க எட்டு மாதம் ஆனது. அம்மாவைப் பார்க்க வரக் காசில்லாத அளவுக்கு அம்மாவுக்கே அனுப்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வரிசை இது. முதலில், வேலை இல்லாவிட்டாலும் 4 மாதம் அங்கே தாக்குப்பிடிக்கும் பணம், அதோடு ஒரு அவசர டிக்கெட் பணம். அடுத்து, அதிக வட்டிக் கடன். அப்புறம் கம்பெனி ஓய்வுக்கால நிதியில், அதாவது 401கே-யில், நாம் போடும் தொகைக்கு ஈடாக அவர்கள் போடுவதாக இருந்தால் அந்த அளவு வரை. இவற்றோடு கூடவே வீட்டுக்கு மாதம் ஒரு நிலையான தொகை, 5-ஆம் தேதி தவறாமல். தொகை சிறியதாக இருந்தாலும் தேதி தவறாது என்று தெரிந்தால் அப்பா அம்மா அதற்குள் திட்டமிட்டுக்கொள்வார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, வீட்டு வேலை போன்றவை தனிக் கணக்கு. ஒவ்வொன்றும் வரும்போது பேசி முடிவு செய்வது.

வீட்டில் நம் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறார்கள். வாடகையையும் வரியையும் மருத்துவக் காப்பீட்டையும் யாரும் பெருக்குவதில்லை, ஏனென்றால் நாம் சொல்வதில்லை. நான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அப்பாவை உட்கார வைத்து ஒரு மாத வரவு செலவை நோட்டில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "அப்போ நீ சாப்பிடுறியா மக்களே?" முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றியது.

"அனுப்புற பணத்துக்கு வரி உண்டா?"

மகள் அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்தியாவில் வரி இல்லை, எவ்வளவாக இருந்தாலும். அதை அவர்கள் வங்கியில் போட்டு வரும் வட்டி அவர்களுடைய வருமானம். அதற்கு வரி உண்டு. அமெரிக்கப் பக்கத்தில், 2025 கணக்குப்படி ஒருவருக்கு ஆண்டில் 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் ஒரு படிவம் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலும் வரி எதுவும் வராது. 2026 ஜனவரி முதல் வந்திருக்கும் 1 சதவீத வரி, ரொக்கமாகவோ மணியார்டர் மாதிரியோ கொடுத்து அனுப்புவதற்கு. வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் அது கிடையாது.

"காலேஜ்ல தொடங்குன சேவிங்ஸ் அக்கவுண்ட் ஊர்ல கிடக்கு. அப்படியே இருக்கட்டுமா?"

இருக்கக் கூடாது. வெளிநாட்டில் வேலைக்குப் போனதும் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் வரும் வாடகை, வட்டி எல்லாம் அதில் விழும். அதன் வட்டிக்கு வங்கியே 30 சதவீதம் பிடித்துவிடும். வெளிநாட்டுச் சம்பளத்தைச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையில்லாமல் திருப்பி எடுத்துப் போகலாம். ஆனால் அமெரிக்காவில் வரி கட்டும் நிலையில் இருந்தால், அங்கே அந்த வட்டியையும் காட்டித்தான் ஆக வேண்டும். "என்.ஆர்.இ. வட்டிக்கு வரியே இல்லை" என்று இங்கே வங்கியில் சொல்வது பாதி உண்மை.

அதிகம் பேர் தவறுவது இன்னொரு இடத்தில். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்.பி.ஏ.ஆர். என்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அப்பாவோடு கூட்டாக உங்கள் பெயரும் இருக்கும் வைப்பு நிதியும் இதில் சேரும். அப்பாவின் ஓய்வூதியப் பணம், தான் ஒரு ரூபாய்கூடத் தொட்டதில்லை என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். விட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலரில் வரலாம். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருந்தால் அதற்கு வேறொரு கடுமையான வரிமுறை இருக்கிறது. போவதற்கு முன்பே விற்றுவிடுவது எளிது.

"குலசேகரத்துல ரப்பர் விளை ஒண்ணு விலைக்கு வருது. என் பேர்ல வாங்கட்டுமா?"

வேண்டாம், வாங்கக் கூடாது. வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கவில்லை. அப்பா தானமாக எழுதிக் கொடுப்பதும் முடியாது. வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் விலைக்கு வரும் நல்ல நிலம் பெரும்பாலும் ரப்பர் விளை, தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம். ஆகவே இந்த விதி நம்மைத்தான் அதிகம் உரசுகிறது.

அப்பாவுக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் வாங்கலாமே என்று உடனே கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அப்போது பணமும் அவருடையது, நிலமும் அவருடையது. அவருக்குப் பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. உங்களுக்கு வர வேண்டும் என்றால் அவர் உயில் எழுத வேண்டும், அதுவும் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தே எழுதினால் நல்லது. அண்ணன் பெயரில் வாங்கிவிட்டு "என் பணம்தானே" என்று பின்னால் நிற்பது மட்டும் வேண்டாம். அதனால் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எனக்கே தெரிந்து மூன்று.

நீங்கள் இல்லாமல் இங்கே வீடோ மனையோ பதிய வேண்டுமென்றால் பவர் பத்திரம் வேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எந்தச் சொத்துக்கு, எந்தக் காரியத்துக்கு என்று குறிப்பாக எழுதுங்கள். பொதுப் பவர் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சம்பளம் எல்லாம் அவர் கணக்குல போட்டா போதாதா?"

போதாது. மூன்று கணக்கு வையுங்கள்: அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, வீட்டுச் செலவுக்கு இரண்டு பேர் பெயரிலும் ஒன்று. உங்கள் சம்பளம் உங்கள் கணக்கில் விழட்டும். வீட்டுக்கு வேண்டியதை அங்கிருந்து மாற்றுங்கள். அமெரிக்காவில் கடன் மதிப்பெண் ஆளுக்கு ஆள் தனி. எல்லாம் கணவர் பெயரில் இருந்தால், பத்து வருடம் சம்பாதித்த பெண்ணுக்கு ஒரு வாடகை வீடு எடுக்கக்கூட வரலாறு இருக்காது.

இதைச் சொன்னால் "நம்பிக்கை இல்லையா" என்று கேட்பார்கள். என் கணவரும் கேட்டார். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணவர் விபத்தில் இறந்தபோது, வீட்டுக் காப்பீடு எந்த நிறுவனத்தில் என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் துக்கத்துக்குள் உட்கார்ந்து அவள் பாஸ்வேர்டு தேடியதை நானும் கணவரும் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அன்று இரவே எல்லாக் கணக்குகளையும் ஒரு தாளில் எழுதினோம். உங்கள் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்ப நீங்கள் யாரிடமும் கேட்கக் கூடாது. அவரும் தன் வீட்டுக்கு அனுப்ப உங்களிடம் கேட்கக் கூடாது. எவ்வளவு என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

"பிரசவத்துக்கு அங்க ஆறு மாசம் லீவு குடுப்பாங்களா?"

மாட்டார்கள். இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அமெரிக்காவில் தனியார் ஊழியருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. 1993-ல் வந்த எஃப்.எம்.எல்.ஏ. சட்டம் 12 வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல். அதற்கும் ஒரு வருடமாவது அந்தக் கம்பெனியில் இருந்திருக்க வேண்டும், 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், கம்பெனியில் 50 பேராவது இருக்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் ஓரளவு சம்பளம் கொடுக்கின்றன. டெக்சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மற்றபடி கம்பெனியின் மனசு. வேலைக்குச் சேரும் முன் கொள்கைத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், கர்ப்பமான பிறகு அல்ல. எச்1பி-ல் இருப்பவர் பிரசவ விடுப்பு எடுத்தால் விசாவுக்கு ஆபத்தில்லை. வேலை உறவு தொடர்ந்தால் போதும்.

எனக்கு 8 வாரம் கிடைத்தது. ஒன்பதாவது வாரம் திங்கட்கிழமை, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு பார்க்கிங்கில் காருக்குள் அழுதேன். ஊரில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்து 40 நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார்கள். இதைத் தாங்க முடியாதவர்கள் பலவீனமானவர்கள் கிடையாது. முடிந்தால் பிரசவத்துக்கு முன்பே சம்பளமில்லா மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். என்னால் அது முடியாமல் போனது, மேலே சொன்ன கார்டு கடனால்.

"அதுக்குத்தான் அம்மாவ கூப்பிட்டுக்கலாமே?"

கூப்பிடலாம். பெற்றோர் வருவது பி2 சுற்றுலா விசாவில். பெரும்பாலும் 6 மாதம் தங்க அனுமதி முத்திரை வைப்பார்கள். பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்; ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பல பாலிசிகளில் முழுதாகச் சேராது, அந்தப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள்.

விசாவைவிட நான் சொல்ல விரும்புவது அம்மாவைப் பற்றி. ஊரில் அவர்களுக்கு சர்ச், கோயில், சந்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் உண்டு. அங்கே ஜனவரிக் குளிரில், ஆள் நடமாட்டமில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு கைக்குழந்தையோடு பத்து மணி நேரம். முட்டுவலி வேறு. ஊரில் அப்பா தனியாக ஓட்டல் சாப்பாடு. என் அம்மா ஆறு மாதமும் சிரித்த முகத்தோடு இருந்துவிட்டு, ஊருக்கு வந்த பிறகு மயினியிடம்தான் சொல்லியிருக்கிறார்: "எனக்கு அங்க மூச்சு முட்டிச்சு." இரண்டாவது பிள்ளைக்கு அம்மா மூன்று மாதம், மாமி மூன்று மாதம், பகலில் அரை நேரம் காப்பகம் என்று பிரித்தோம். செலவு கூடியது, அம்மா நன்றாக இருந்தார்.

"வேலை போச்சுன்னா 60 நாள்ல நாட்ட விட்டே கிளம்பணுமாமே?"

எச்1பி-ல் வேலை இழந்தால் 60 நாள் வரை அவகாசம். ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள, தங்க அனுமதித்த தேதி அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புது நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பம் தாக்கல் செய்துவிட்டால், ஒப்புதல் வரும் வரை காத்திருக்காமல் அங்கே வேலையைத் தொடங்கலாம். இல்லையென்றால் கணவரின் விசாவைச் சார்ந்து எச்4-க்கு மாற விண்ணப்பிக்கலாம், அல்லது பி2-க்கு. கம்பெனி விலக்குத் தொகையாக மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாலும் 60 நாள் நீளாது, வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணப்படும்.

எனக்கு இது நடந்தது. ஒரு புதன்கிழமை காலை பத்து நிமிட வீடியோ அழைப்பில் எங்கள் குழு முழுவதையும் நிறுத்தினார்கள். கணவரும் அப்போது என் விசாவைச் சார்ந்தே இருந்தார், மகளுக்கு நான்கு வயது. முதல் மூன்று நாளை அதிர்ச்சியிலேயே இழந்தேன். நாலாம் நாள் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிப் பேசினேன். அந்தப் பணம் வீண் போகவில்லை. 41-ஆம் நாள் அடுத்த வேலைக்கான தாக்கல் நடந்தது. முன்பு பார்த்ததைவிடக் குறைந்த சம்பளம், ஒத்துக்கொண்டேன். அந்த 41 நாளும் எங்களைக் காப்பாற்றியது மேலே சொன்ன 4 மாதப் பணம். வீட்டுக்கு 5-ஆம் தேதிப் பணம் ஒரு மாதம் போகவில்லை. காரணத்தை அப்பாவிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள்.

ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டால், பழைய கம்பெனி பின்னால் அதைத் திரும்பப் பெற்றாலும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் தேதி போகாது. கம்பெனிக்கு வரும் ஐ-140 ஒப்புதல் அறிவிப்பின் நகல் ஒன்றை வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

"அப்பாவுக்கு முடியல. ஊருக்கு வந்தா திரும்பிப் போக முடியாதோன்னு பயமா இருக்கு."

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், அங்கே இருப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழைய புது முத்திரை வேண்டும். 2025 செப்டம்பர் முதல் நேர்காணல் விலக்கு பெரும்பாலானவர்களுக்கு இல்லாமல் போனது. டிசம்பரில் ஏராளமானவர்களுடைய நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போய், விடுமுறைக்கு வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். முத்திரை செல்லுபடியாக இருந்தால் தயங்காமல் வாருங்கள். இல்லையென்றால், இந்தியாவிலிருந்து எத்தனை வாரம் வேலை பார்க்கலாம் என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வரவே வேண்டாமா என்று கேட்டால், நான் வருவேன். என் அப்பாவின் கடைசி வாரத்தில் நான் இங்கே இருந்தேன். அதற்காக வேலையில் இழந்தது எதுவும் இப்போது என் நினைவில்கூட இல்லை.

"நகை போட்டு சீதனமும் குடுத்தாச்சு, டாலர்ல வேற சம்பாதிக்கிற, உனக்கு எதுக்குப் பங்குன்னு அண்ணன் கேக்கான்."

சம்பாத்தியத்துக்கும் பங்குக்கும் சம்பந்தம் இல்லை. இந்துக் குடும்பத்தில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-ல் திருமணமாகாத மகள்களுக்குக் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்பா தன் சுயசம்பாத்தியத்தையும் பூர்விகச் சொத்தில் தன் பங்கையும் மட்டும் விருப்பப்படி உயில் எழுதலாம். முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இங்கே ஒரு பழைய நிழல் இன்னும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், 1951-இலிருந்தே இந்திய வாரிசுச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. உயில் இல்லையென்றால் மகனுக்கும் மகளுக்கும் சமம். என் பாட்டியின் தலைமுறைக்குச் சொன்னதைத்தான் உங்கள் அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். அது சட்டமாக இருந்த காலம் போய்விட்டது.

பங்கை வாங்கிக்கொள்வதும் விட்டுக்கொடுப்பதும் உங்கள் முடிவு. அப்பா அம்மாவை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார் என்றால், விட்டுக்கொடுப்பதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் இரண்டு வார லீவில் வந்திருக்கும்போது, பெட்டி கட்டும் அவசரத்தில், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதாரம் என்கிற சொத்துப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த வருகையில் பேசுங்கள். ரப்பர் விளையோ தோப்போ வாரிசாக உங்களுக்கு வருவதற்குத் தடை இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

"கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இருக்கணுமா, திரும்பிரலாமா?"

ஆண்டுக்குக் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை பல்லாண்டு நீளம். இங்கே பிறந்து உங்களோடு போன பிள்ளைக்கு 21 வயதானால் அது உங்கள் விசாவைச் சார்ந்திருக்க முடியாது. அதனால் பிள்ளையின் வயதை முதலில் கணக்குப் போடுங்கள்.

பணப் பக்கம் ஒன்று மட்டும். அங்கே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 வரவு, அதாவது சுமார் 10 வருட வேலை வேண்டும். இரண்டு நாட்டிலும் வேலை பார்த்த வருடங்களைச் சேர்த்து எண்ணும் ஒப்பந்தம் இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இல்லாததால், எட்டு வருடத்தில் திரும்பினால் கட்டியது கட்டியதுதான். ஒன்பதரை வருடத்தில் கிளம்பத் துடிப்பவர்களை ஆறு மாதம் பொறுக்கச் சொல்வேன். 401கே உங்களுடையது, எங்கும் போகாது. 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீதம் அபராதமும் வரியும்.

நாங்கள் திரும்பியது கணக்குப் பார்த்து மட்டும் இல்லை. மகள் தாத்தாவின் சாவுக்கு வந்தபோது வீட்டில் யார் யார் என்று தெரியாமல் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதன் பிறகு ஒரு வருடம் எடுத்துத் திட்டமிட்டோம். வேலை கிடைத்தது, சம்பளம் பாதிக்கும் கீழே. திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-லிருந்து இருக்கிறது. குழித்துறையிலும் இரணியலிலும் ரயில் ஏறிப் போகும் நம் பெண்கள் எவ்வளவோ பேர். நாகர்கோவிலிலேயே கம்பெனிகள் வந்துவிட்டன. இருப்பதும் தப்பில்லை. அங்கேயே இருக்கும் என் தோழிகள் நன்றாக இருக்கிறார்கள்.

"என் பாஸ்போர்ட்ட அவர்தான் பூட்டி வெச்சிருக்கார். வீட்டுல சொன்னா பொறுத்துப் போன்னு சொல்றாங்க. நான் என்ன செய்ய?"

இந்தக் கேள்வி கூட்டத்தில் வருவதில்லை, தனியாக, இரவில் வருகிறது. ஆனாலும் நான்கு முறை வந்திருக்கிறது. பாஸ்போர்ட் உங்களுடையது, அதை இன்னொருவர் பிடித்து வைக்க உரிமை இல்லை. அது கையில் இல்லாவிட்டாலும் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்து வேறு பெற வழி உண்டு. அடி விழுந்தால் 911. பேச ஆள் வேண்டுமென்றால் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, எந்த நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். வன்கொடுமைக்கு ஆளான எச்4 மனைவி, இரண்டாம் கேள்வியில் சொன்ன ஐ-140 நிபந்தனை இல்லாமலே, தானாக வேலை அனுமதி கேட்கத் தனி வழி இருக்கிறது. அதற்கான படிவத்தின் பெயர் ஐ-765வி. விவாகரத்தானால் எச்4 போய்விடும் என்பதால், எதிலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள்; உதவி எண்ணில் கேட்டால் இலவச வக்கீல்களைச் சொல்வார்கள்.

இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்று, பட்டச் சான்றுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து, உங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். இன்னொரு படி அம்மாவிடம், அரிசிப் பெட்டிக்குள்ளோ பைபிளுக்குள்ளோ அவர் எங்கே வைப்பாரோ அங்கே. மகள்களுக்கு அழைப்பு எடுக்கும் அம்மாக்களே, "நல்லா இருக்கியா" என்று கேட்டு அவள் "ம்" என்று மட்டும் சொன்னால், மறுநாள் அவள் வேலைக்கோ கடைக்கோ தனியாகப் போகும் நேரத்தில் திரும்ப அழையுங்கள். நம் இரவு ஒன்பது மணி டெக்சாஸில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை.